மானியம் கருவிக்கு அல்ல, கேள்விக்கு!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிற்பகல் 4 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். திடீரென்று வானம் கறுக்கும். பூக்கடைக்காரர் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடுவார். கே.எல். சென்ட்ரல் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு வெட்டு வெட்டும். அடுத்த சில வினாடிகளில் இடி இறங்கும். கிள்ளானிலும் இதே கதைதான். உலகில் இடிமழை மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று.

அந்த மின்னலைச் சாலையில் நிற்பவர் மட்டும் பார்ப்பதில்லை. 1997 நவம்பரில் ஜப்பானிலிருந்து ஏவப்பட்ட டி.ஆர்.எம்.எம். என்ற செயற்கைக்கோள், அமெரிக்காவின் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து செய்தது. அதில் எல்.ஐ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மின்னல் கருவி ஒன்று இருந்தது. வெப்பமண்டல நாடுகளின் மேல் பறந்து, 2015 வரை மின்னல்களை எண்ணிக்கொண்டே இருந்தது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியின் மேல்தான் உலகிலேயே அடர்த்தியாக மின்னுகிறது, சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 233 மின்னல்கள் என்று 2016-இல் கணக்குச் சொன்னதும் அந்தக் கருவியின் பதிவுகளை வைத்துத்தான்.

விண்ணுக்குப் போகும் கருவி எதுவும் முதலில் உலோகமாகவோ கண்ணாடியாகவோ பிறப்பதில்லை, காகிதத்தில்தான் பிறக்கிறது. யாரோ சிலர் உட்கார்ந்து, “இதை அறிய விரும்புகிறோம், அதற்கு இந்தக் கருவி வேண்டும், இவ்வளவு செலவாகும்” என்று எழுதி, அதை வேறு சிலர் படித்து, கேள்வி கேட்டு, ஒப்புதல் தந்த பிறகுதான் பட்டறையில் விளக்கு எரிகிறது. அந்தக் காகிதத்தின் பெயர்தான் ஆய்வு மானிய விண்ணப்பம். அதை எப்படித் தயாரிப்பது என்பதே இன்றைய பேச்சு.

‘இது விஞ்ஞானிகளின் வேலை, நமக்கு எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்குகிறார்கள். நாளிதழ்களில் படம் வருகிறது, பெற்றோர் பெருமைப்படுகிறார்கள். ஆனால் பதக்கம் வாங்கியவர் வளர்ந்து ஆய்வாளரான பிறகு, அவருடைய எண்ணம் கருவியாவதும் அலமாரியில் தூங்குவதும் பெரும்பாலும் அந்த விண்ணப்பத்தின் கையில்தான் இருக்கிறது. திறமை இருந்தும் எழுதத் தெரியாமல் தோற்பது பெரிய இழப்பல்லவா?

முதல் வரியிலேயே வரும் பிழை

ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்போம். கிள்ளானில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், பள்ளத்தாக்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்னலை விண்ணிலிருந்து அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. விண்ணப்பத்தின் முதல் வரியை இப்படி எழுதுகிறார்: “மலேசியாவின் முதல் விண்வெளி மின்னல் கருவியை உருவாக்கி நாட்டிற்குப் பெருமை சேர்ப்பதே இத்திட்டத்தின் நோக்கம்.”

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பீட்டாளர் மேசையில் இப்படிப்பட்ட கட்டு பல கிடக்கும். அவர் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தப் பணம் செலவான பிறகு, இன்று தெரியாத எது தெரியவரும்? ‘முதல் கருவி’ என்பது அதற்குப் பதில் ஆகாது. பெருமை என்பது விளைவு. அதை நோக்கம் என்று எழுதினால், கேள்வியே இல்லாத ஆய்வு என்ற எண்ணம்தான் படிப்பவருக்கு ஏற்படும்.

அந்த விரிவுரையாளர் அன்றிரவு வீட்டில் வரைவைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்யும் தம்பி சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறான்:

“அக்கா, மின்னலை எண்ணி என்ன செய்யப் போறீங்க?”

“எண்ணினாத்தான் ஏன் கூடுது, ஏன் குறையுதுன்னு தெரியும்.”

“ஏன் கூடுது?”

இந்த மூன்றாவது கேள்விக்கு அக்காவிடம் உடனே பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போகும்போதுதான் உண்மையான விண்ணப்பம் தொடங்குகிறது.

கப்பல் புகையும் மின்னலும்

தேடினால் கிடைப்பது வியப்பான செய்தி. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். இந்தியப் பெருங்கடலின் வடகிழக்குப் பகுதியிலும் தென் சீனக் கடலிலும் கப்பல்கள் வரிசையாகச் செல்லும் பாதையின் மேல், பக்கத்துக் கடற்பரப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் வெட்டுகிறது! உலகின் மிகப் பரபரப்பான அந்தக் கடல்வழியில்தான் மலாக்கா நீரிணையும் இருக்கிறது. கிள்ளான் துறைமுகமும் இருக்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. கப்பல் எண்ணெய் எரியும்போது கந்தகம் கலந்த புகை வெளியேறுகிறது. அதிலுள்ள நுண்துகள்களைச் சுற்றி நீராவி படிவதால், மேகத்தில் துளிகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வொரு துளியும் சிறுத்துப்போகிறது. சிறிய துளிகள் சீக்கிரம் மழையாக விழாமல் உயரே போய்ப் பனித்துகள்களாகின்றன. அந்தத் துகள்கள் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் பிரிகிறது, மின்னல் கூடுகிறது.

2020 ஜனவரி 1 முதல் அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் விதி ஒன்று நடப்புக்கு வந்தது. கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன் பின் இந்தக் கப்பல் பாதைகளின் மேல் மின்னல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது என்று 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதன் எண்ணெயை மாற்றினான். வானத்தில் மின்னல் குறைந்தது!

இப்போது கிள்ளான் விரிவுரையாளரின் முதல் வரி எப்படி மாறும்? “2020-க்குப் பிறகு மலாக்கா நீரிணையின் மேல், மேகத்துக்குள்ளேயே வெட்டி மறையும் மின்னல்களும் அதே அளவு குறைந்தனவா? சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் அவை மீண்டும் கூடுகின்றனவா?” இதற்குப் பெயர்தான் ஆய்வுக் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று என்றாவது ஒரு நாள் பதில் சொல்ல முடிகிற கேள்வி. துறைமுகத்தில் வேலை செய்யும் தம்பிக்கும் புரிகிற கேள்வி.

விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மதிப்பீட்டாளர் அடுத்து, “இதைத் தரையிலிருந்தே செய்ய முடியாதா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் தரையில் வைத்த வானொலி ஏற்பிகளின் உலக வலையமைப்பைக் கொண்டே செய்யப்பட்டவை. மின்னல் வெட்டும்போது எழும் வானொலி அலையை அவை பிடிக்கின்றன. செலவு குறைவு, ராக்கெட் தேவையில்லை.

இதற்குப் பதில் உண்டு. தரை வலையமைப்பு வலுவான மின்னல்களை, குறிப்பாகத் தரையில் இறங்கும் மின்னல்களை, நன்றாகப் பிடிக்கும். மேகத்துக்குள் நிகழ்வனவற்றில் பலவற்றைத் தவறவிடும். மேலிருந்து ஒளியைப் பார்க்கும் கருவி இரண்டையும் பார்க்கும். கேள்வியே மேகத்துக்குள் நிகழும் மின்னலைப் பற்றியது என்பதால், விண்ணுக்குப் போவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. காரணம் கிடைக்காவிட்டால் அந்தத் திட்டத்தைத் தரையிலேயே செய்வதுதான் நேர்மை.

“ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைப் பார்த்தீர்களா?” என்பதும் தவறாமல் வரும் கேள்வி. இங்கே ஒரு சுவையான வரலாறு உண்டு. டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளுக்காக மின்னல் கருவி செய்தபோது, ஏதாவது கெட்டுப்போனால் உதவும் என்று அதேபோல இன்னொன்றும் செய்து வைத்திருந்தார்கள். அந்த உபரிக் கருவி சுமார் 20 ஆண்டுகள் பத்திரமாகக் காத்திருந்தது. 2017 பிப்ரவரியில் அது அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பட்டு, 2023 நவம்பர் வரை வேலை செய்தது. புதிதாகக் கருவி செய்யும் செலவில்லை, சோதித்த வடிவம், பழைய பதிவுகளோடு ஒப்பிட வசதி. ஒரு விண்ணப்பத்திற்கு இதைவிட வலுவான வாதம் இருக்க முடியுமா?

அந்தக் கருவி 2020-க்கு முன்னும் பின்னும் வானில் இருந்திருக்கிறது. அதன் பதிவுகளை நாசா பொதுவில் வைத்திருக்கிறது. கிள்ளானில் உட்கார்ந்தே இறக்கிப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் புதுக் கருவிக்குப் பணம் கேட்பது, வீட்டிலிருக்கும் அரிசியை அளக்காமல் கடைக்குப் போவது போன்றது. பார்த்த பிறகு, “இந்தப் பதிவுகள் இவ்வளவு சொல்கின்றன, இதற்கு மேல் சொல்லவில்லை, காரணம் இது” என்று எழுத வேண்டும். சீனாவின் ஃபெங்யுன்-4ஏ செயற்கைக்கோளிலும் 2016-இல் மின்னல் கருவி ஒன்று சென்றது. அதன் பார்வைப் பரப்பு எதுவரை, மலாக்கா நீரிணைக்கு அது எந்த அளவு உதவும் என்பதையும் விண்ணப்பதாரரே படித்துச் சொல்லிவிட வேண்டும். மதிப்பீட்டாளர் சுட்டிக்காட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வியிலிருந்து கருவிக்கு ஒரு சங்கிலி

நல்ல விண்வெளி விண்ணப்பத்தின் நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் கேள்வி; அடுத்த கட்டத்தில் அதற்குத் தேவையான அளவீடு; அடுத்ததில் அந்த அளவீட்டுக்கு வேண்டிய கருவியின் திறன். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் விண்ணப்பம் அறுந்துவிடும்.

எல்.ஐ.எஸ். கருவியையே பாருங்கள். பகலிலும் மின்னலைப் பார்க்க வேண்டும். ஆனால் வெயில் பட்ட மேகம் பளீரென்று இருக்கும், அதில் மின்னல் மறைந்துபோகும். என்ன செய்வது? மின்னலின் வெப்பத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 777.4 நானோமீட்டர் அலைநீளத்தில் பலமாக ஒளிர்கின்றன. அந்த ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டார்கள். மின்னலோ கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவது. எனவே வினாடிக்கு 500 படம் எடுக்கும் உணரியை வைத்தார்கள். இடிமேகம் ஒன்றைத் தனியே பிரித்தறிய வேண்டும்; அதற்கு ஒரு புள்ளி சில கிலோமீட்டர் அகலம் இருந்தால் போதும். எனவே 128-க்கு 128 புள்ளிகளே போதுமாயின. இன்றைய கைத்தொலைபேசிக் கேமராவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண். ஆனால் தேவை அவ்வளவுதான்! ‘மிக உயர்ந்த தரக் கேமரா’ என்று எழுதியிருந்தால் எடையும் கூடியிருக்கும், விலையும் கூடியிருக்கும், பயன் கூடியிருக்காது.

அதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384. அதை 500-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 81 லட்சத்திற்கும் மேற்பட்ட அளவீடுகள். இவ்வளவையும் பூமிக்கு அனுப்ப முடியாது. எனவே, பின்னணியைக் கழித்து மின்னலை மட்டும் பொறுக்கி எடுக்கும் மின்னணுச் சுற்று கருவியிலேயே இருந்தது. தரவு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்ற இந்தக் கணக்குகள் விண்ணப்பத்தில் இல்லையென்றால், ‘இவர்கள் கனவு காண்கிறார்கள்’ என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

செய்ய முடியாததைச் சொல்லக் கூடாது

மின்னல் என்றவுடன் உயிர் நினைவுக்கு வருகிறது. திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், துறைமுகத்தில் பாரந்தூக்கியின் மேல் நிற்பவர்கள் என ஆபத்தில் இருப்போர் பலர். எனவே, “இக்கருவி மின்னல் எச்சரிக்கை தந்து உயிர்களைக் காக்கும்” என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். அந்த ஆசை இயல்பானது. ஆனால் அந்த வரி பொய்.

தாழ்ந்த வட்டப்பாதையில் பறக்கும் எல்.ஐ.எஸ். ஓர் இடத்தை ஒரு முறை கடக்கும்போது சுமார் ஒன்றரை நிமிடம்தான் பார்த்தது. ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடும் கருவி யாரை எச்சரிக்கும்? மக்களின் துயரத்தைக் காட்டிப் பணம் பெற்று, அந்தத் துயரத்தைத் தீர்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு! “இந்தக் கருவி எச்சரிக்கை தராது, புகைக்கும் மின்னலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும், அந்த அறிவு நாளை எச்சரிக்கை முறைகளைச் சீராக்க உதவலாம்” என்று எழுதுவதே முறை. இந்த அடக்கம் விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தாது; நம்பகத்தன்மையைக் கூட்டும்.

மலேசியா ஏன்?

“இதை ஏன் மலேசியாவில் செய்ய வேண்டும்?” என்ற கேள்விக்கு நம் நாட்டின் நிலப்படமே பதில் வைத்திருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். அந்தக் கோட்டை ஒட்டியே சுற்றும் செயற்கைக்கோள் ஒரே நாளில் 12 முறைக்கும் மேல் நம் வட்டாரத்தைக் கடக்க முடியும். இந்த எண்ணத்தில்தான் ரசாக்சாட் செயற்கைக்கோள் உருவானது. 2009 ஜூலை 14-இல், பசிபிக் கடலின் குவாஜலின் பவளத்தீவுத் தொகுதியிலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 ராக்கெட்டில் அது சென்றது. நிலநடுக்கோட்டுக்கு 9 பாகைச் சாய்வில், 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. 2.5 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் கேமராவைச் சுமந்தது.

மூன்று ஆண்டுக்கும் மேல் உழைக்க வேண்டிய அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய ஓராண்டிலேயே செயலிழந்தது. அரசாங்கத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது. இதைச் சொல்வது யாரையும் குறைகூற அல்ல. கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுமக்கும் வண்டியும் நிலைத்து நிற்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. பிரான்சின் டாரனிஸ் செயற்கைக்கோளும் இடிமேகங்களுக்கு மேல் தோன்றும் ஒளிகளை ஆராயச் செய்யப்பட்டதுதான். 2020 நவம்பர் 17-இல் ராக்கெட் கோளாற்றால், வேலையைத் தொடங்கும் முன்பே அது அழிந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் போயிற்று.

எனவே விண்ணப்பத்தில் அபாயப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். எது கெடலாம்? கெட்டால் என்ன மாற்று? பாதித் தரவு மட்டும் கிடைத்தால் எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்ல முடியும்? ‘எங்கள் திட்டத்தில் அபாயமே இல்லை’ என்று எழுதுபவரை யாரும் நம்புவதில்லை. ஏவும்போது ஏற்படும் அதிர்வு, வெற்றிடத்தில் மாறி மாறி வரும் சூடும் குளிரும், கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் கருவி தாங்குமா என்று எங்கே, எப்போது, யார் சோதிப்பார்கள் என்பதை எழுத வேண்டும்.

படிப்படியாகப் பணம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் வந்தது அங்கே செங்கல் அறுத்ததால்தான். 1880-களில் கோலாலம்பூரின் மரவீடுகளை மாற்றிக் கல்வீடுகள் கட்ட அங்கிருந்து கல் போனது. நகரம் ஒரே நாளில் எழவில்லை. விண்வெளிக் கருவிக்கும் அதே முறைதான்.

உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மானியம் அடிப்படை ஆய்வுக்கானது. அங்கே போய்ப் பறக்கும் கருவிக்குப் பணம் கேட்டால், கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவு திறக்காது. ஆனால் இருக்கும் மின்னல் பதிவுகளை ஆராய்ந்து, புகைக்கும் மின்னலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடும் திட்டம் அங்கே பொருந்தும். ஆய்வு முடிவை முன்மாதிரியாக்க பி.ஆர்.ஜி.எஸ். என்ற தனி மானியம் உண்டு. ஒரு தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை 1 முதல் 9 வரை படிகளாக அளக்கும் முறை உலகெங்கும் இருக்கிறது. 1 என்பது வெறும் எண்ணம். 9 என்பது விண்ணில் ஓடிக் காட்டிய கருவி. இப்போது எந்தப் படியில் நிற்கிறோம், இந்தப் பணத்தால் எந்தப் படிக்குப் போவோம் என்று ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும். விதிகளும் தொகை வரம்பும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் வழிகாட்டியைப் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

வரவுசெலவுக் கணக்கில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். உணரியின் விலையை எழுதுவார்கள். அதை அளவுதிருத்தம் செய்யும் விளக்கின் விலையை மறப்பார்கள். வெற்றிடக் கலத்தின் வாடகை, அதிர்வுச் சோதனைக் கட்டணம், உடைந்தால் மாற்ற இன்னோர் உணரி, கருவியை அனுப்பும் செலவு, ஆய்வு மாணவரின் உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும். குறைத்துக் கேட்டால் சிக்கனம் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். கணக்குத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

பறக்கும் வாய்ப்பும் முன்புபோல எட்டாக் கனி அல்ல. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யு.ஐ.டி.எம்.சாட்-1 ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு பெட்டிதான். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தின் திட்டத்தில் பூட்டானும் பிலிப்பைன்ஸும் உடன் சேர, 2018 ஜூனில் விண்வெளி நிலையத்திற்குப் போய், ஆகஸ்ட் 10-இல் அங்கிருந்து விடப்பட்டது. மூன்று நாடுகள் சேர்ந்ததால் சுமை பகிரப்பட்டது. இந்தியாவின் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கையே வானில் சுற்றவிட்டு, அதில் பிறரின் சிறு கருவிகளைப் பொருத்த இடம் தருகிறது. 2022 ஜூன் 30-இல் சிங்கப்பூரின் செயற்கைக்கோள்களோடு சென்ற ராக்கெட்டிலும் அப்படி 6 கருவிகள் பயணம் செய்தன. அது சுற்றியது நிலநடுக்கோட்டுக்கு 10 பாகைச் சாய்வில்! கிள்ளான் விரிவுரையாளர் தேடும் பாதை ஏறக்குறைய அதுதானே? இப்படிப்பட்ட வாய்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குப் பொருந்தும் எடையும் அளவும் காட்டினால், விண்ணப்பம் தரையில் கால் ஊன்றி நிற்கும்.

பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு

இவ்வளவும் செய்த பிறகும் விண்ணப்பம் திரும்பி வரலாம். இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 கதை அப்போது துணைக்கு வரும். 2008-இல் அது ஒரே ஒரு கருவியைச் சுமந்து, சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சிறு செயற்கைக்கோளாகத்தான் எண்ணப்பட்டது. சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கும் கருவி அது. பூமிக்கு அருகில் சுற்றினால் சூரியனைப் பூமி அடிக்கடி மறைக்கும் சிக்கல் உண்டு. திட்டம் திருத்தப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எப்போதும் சூரியனைப் பார்க்கக்கூடிய எல்1 இடத்திற்குப் போவதென்று முடிவாயிற்று. ஒரு கருவி ஏழு கருவிகளாயிற்று. 2023 செப்டம்பர் 2-இல் அது ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-இல் தன் இடத்தை அடைந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் தமிழகத்தின் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

ஏவியபோது உலகம் கைதட்டியது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதிய பக்கங்களை யாரும் பார்க்கவில்லை. முதல் எண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் இவ்வளவு நல்ல திட்டம் கிடைத்திருக்காது. மதிப்பீட்டாளரின் கேள்வி பகையல்ல. கருவி விண்ணில் சந்திக்கப் போகும் சோதனையைக் காகிதத்திலேயே முன்கூட்டிச் சந்திக்க வைக்கும் உதவி அது. மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு நாள் வருந்தலாம். மறுநாள் அதிலுள்ள ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, பக்கத்தில் பதில் எழுதத் தொடங்க வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளை பதக்கத்தோடு வீட்டுக்கு வரும்போது, ‘என்ன பரிசு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘என்ன கேள்வி கேட்டாய்? அதற்குப் பதில் கிடைத்ததா?’ என்றும் கேளுங்கள். கேள்வியைத் தெளிவாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் விண்ணப்பம் எழுதுவது பெரிய மலையாக இருக்காது. ஆசிரியர்களே, கண்காட்சிக்குக் கருவி செய்யும் மாணவரிடம், கருவியைத் தொடும் முன்பு, ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். என்ன தெரியவில்லை, எப்படி அறிவேன், எவ்வளவு செலவு, எது தவறலாம் என்று நான்கு பத்தி போதும். இளம் ஆய்வாளர்களே, வரைவை முடித்ததும் உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். துறைமுகத்தில் வேலை செய்யும் தம்பியாக இருக்கலாம். காய்கறிக் கடை வைத்திருக்கும் அத்தையாக இருக்கலாம். அவர்கள் ‘ஏன்?’ என்று கேட்கும் இடத்தில்தான் உங்கள் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை.

இன்று மாலையும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் வெட்டலாம். மலாக்கா நீரிணையில் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன; புகைமூட்டக் காலமும் வந்து போகிறது. இந்த மின்னலைப் பற்றிய கேள்வியை அதன் கீழே வாழ்பவர்களே கேட்பதுதான் பொருத்தம். அதற்குரிய முதல் பக்கத்தை எழுதப் போகிறவர் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும்.